ஹோல்மென்கோலனும் டெலிமார்க் குடியானவர்களும்

நார்வே தேசத்தின் தலைநகரமான ஆஸ்லோவில், கடற்கரையோரமாக நின்று வடமேற்கே நிமிர்ந்து பார்ப்பவர்களுக்கு, ஊசியிலை மரங்கள் கருமையாக அடர்ந்த குன்றுகளின் மேல், வானை நோக்கி வளைந்தெழும் உருக்குக் கோபுரம் ஒன்று தென்படும். ஹோல்மென்கோலன் என்னும் அந்த மலைச்சரிவு, பனிச்சறுக்குத் தாவல் என்ற வித்தைக்கு உலகத்திலேயே மிக மூத்த அரங்கங்களுள் ஒன்று. 1892-ஆம் வருஷம் ஜனவரி 31-ஆம் தேதி அங்கே முதற்போட்டி நடந்தது. பனி போதாமல் நின்றுபோன 1898-ஆம் வருஷத்தையும், அந்நியர் ஆட்சியில் கழிந்த யுத்த வருஷங்களையும் போன்ற சில இடைவெளிகளை நீக்கிவிட்டால், அன்று தொடங்கிய உத்ஸவம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகிறது. காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில், பாலாற்று மணலின் வெம்மையில் வளர்ந்த எனக்குப் பனியோடு எந்த பந்தமும் கிடையாது. ஆயினும், உறவினர் அழைப்பின் பேரில் ஆஸ்லோ சென்றபோது அந்த மலையையும் அதன் அடிவாரத்துப் பொருட்காட்சிசாலையையும் பார்த்து, பிறகு அதன் சரித்திரத்தையும் படிக்கப் படிக்க, கோபுரத்தின் உயரத்தைக் காட்டிலும் வேறொரு விஷயமே என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. வித்தையைக் கண்டவன் ஒருவன், அதற்குக் கோபுரம் எடுத்தவன் வேறொருவன் என்பதே அது.

பனியைப் பார்த்திராத வாசகர்களுக்கு இந்த வித்தையின் முறையை முதலில் சொல்லிவிட வேண்டும். கோபுரத்தின் உச்சியிலிருந்து செங்குத்தாக இறங்கும் ஒரு தடத்தில், கால்களில் நீண்ட சறுக்குக் கட்டைகளைப் பூட்டிக்கொண்ட வீரர் குனிந்த நிலையில் மணிக்கு 90 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் சறுக்கி வருகிறார். தடம் முடியும் விளிம்பில் உடலை நிமிர்த்தி உந்துகிறார். அந்த விளிம்பு மேல்நோக்கி இருப்பதாகவே கீழே நிற்கும் நமக்குத் தோன்றும். உண்மையில் அதுவும் சற்றே கீழ்நோக்கிச் சரிந்ததுதான். ஆகையால் வீரர் ஆகாயத்தில் ஏறுவதில்லை. மலைச்சரிவின் வளைவை ஒட்டியே, தரைக்குச் சில மீட்டர் உயரத்தில், காற்றைத் தாங்கலாகக் கொண்டு மிதந்து செல்கிறார். உடம்பு கட்டைகளின்மேல் படிந்து, கட்டைகளின் முனைகள் விரிந்து, நான்கைந்து விநாடிகளில் நூறு மீட்டருக்கும் மேல் கடந்து, ஒரு காலை முன்னும் மற்றொன்றைப் பின்னும் வைத்து, முழங்கால் மடக்கி, கைகளை விரித்து இறங்குகிறார். ஐந்து நடுவர்கள் தலைக்கு 20 வரை புள்ளி வழங்குவார்கள். அவற்றுள் மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் தள்ளப்படும். எவ்வளவு தூரம் பறந்தாலும், அந்த ஒரு கால் முன்வைத்த இறக்கம் அமையாவிட்டால் நடுவர்கள் புள்ளியைக் குறைத்துவிடுவார்கள். அந்த இறக்கத்திற்கு டெலிமார்க் என்று பெயர். தென் நார்வேயில் உள்ள, அந்நாளில் ஏழ்மையாக இருந்த ஒரு மலைநாட்டின் பெயர் அது.

ஹோல்மென்கோலன் முதலில் விளையாட்டுக்கான இடமாக இருக்கவில்லை; ஆரோக்கியத்திற்கான இடமாகத்தான் பிரசித்தி அடைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மலைக்காற்றே சுவாச நோய்களுக்கு மருந்து என்று வைத்தியர்கள் நம்பிய காலத்தில், டாக்டர் ஹோல்ம் என்பவர் அங்கே ஆரோக்கிய விடுதியையும் பிரயாணிகளுக்கான ஹோட்டலையும் கட்டுவித்தார். நகரத்துச் செல்வர்கள் சென்று தங்கும் மலைவாசஸ்தலமாக அது மாறியது. 1898-ஆம் வருஷம் மே 31-ஆம் தேதி, நகரத்திலிருந்து மலைக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இன்றும் ஆஸ்லோவின் முதல் எண் ரயில், வீடுகளின் தோட்டங்களை உரசுவதுபோல வளைந்து வளைந்து ஏறி, சறுக்குக் கட்டைகளைத் தோளில் சாய்த்த ஜனங்களை அந்த மலையில் கொண்டு சேர்க்கிறது. 1973-இல் பெட்ரோலியத் தட்டுப்பாட்டினால் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டிகள் ஓடக்கூடாதென்று அரசாங்கம் உத்தரவிட்டபோது, அரசர் ஐந்தாம் ஓலாவ் எல்லோரையும்போல இந்த ரயிலில் ஏறிக் கட்டணம் செலுத்த முற்பட்டதை அந்தத் தேசத்தார் இன்னும் பெருமிதத்தோடு சொல்கிறார்கள். அவரே பட்டத்து இளவரசராக இருந்தபோது, 1922-இலும் 1923-இலும் இந்தச் சரிவிலிருந்து போட்டியில் தாவியவர்.

ஆனால் அரசர்களும் டாக்டர்களும் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வித்தை பிறந்துவிட்டது. நார்வேயின் மலைநாட்டில், குளிர்காலத்தில் அயல்வீட்டுக்குப் போவதற்கும், வேட்டைக்கும், விறகுக்கும் சறுக்குக் கட்டையைத் தவிர வேறு வாகனம் இல்லை. சரிவில் இறங்கும்போது பாறையோ வேலியோ குறுக்கிட்டால் தாண்டியே ஆகவேண்டும். அவசியத்தில் பிறந்த அந்தத் தாண்டல் வாலிபர்களிடையே பந்தயமாயிற்று. 1808-இல் ஓலாவ் ரை என்ற இராணுவ அதிகாரி 9.5 மீட்டர் தாவியதாக எழுதப்பட்டிருக்கும் குறிப்பே இத்துறையின் முதல் அளவுக் குறிப்பு. 1862-இல் ட்ரிஸில் என்ற ஊரில் பொதுஜனங்கள் முன்னிலையில் போட்டி நடந்தது. அக்காலத்திலேயே இங்கிரிட் வெஸ்ட்பி என்ற பெண்ணொருத்தி எல்லோர் கண்முன்னும் தாவினாள் என்பதும் அங்கே பதிவாகியிருக்கிறது.

டெலிமார்க்கில் மோர்கெடால் என்ற பள்ளத்தாக்கில் 1825-இல் பிறந்த ஸோன்ட்ரே நூர்ஹைம் சொந்த நிலமில்லாத குடியானவர். பிறர் நிலத்தில் குடியிருந்து கூலி வேலையும் தச்சு வேலையும் செய்து பிழைத்தவர். அதுவரை சறுக்குக் கட்டையைக் காலின் முன்பகுதியில் மட்டும் ஒரு வாரால் மாட்டுவதே வழக்கம்; உயரத்திலிருந்து தாவினால் கட்டை ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாக விழ நேரும். நூர்ஹைம் முறுக்கிய மரக் கொடிகளைக் குதிகாலைச் சுற்றிக் கட்டும் முறையை ஏற்படுத்தினார். கட்டையின் நடுப்பகுதியை ஒடுக்கி, நீளத்தைக் குறைத்து, நினைத்த பக்கம் திரும்பும்படி இழைத்தார். இன்றைக்கு உலகமெங்கும் பனிச்சறுக்குக் கட்டைகள் இடை ஒடுங்கி இருப்பதற்கு மூலம் அந்த இழைப்பு வேலையே. கிராமத்தார் அவர் தம் வீட்டுக் கூரையிலிருந்தே பனியில் தாவிப் பழகினார் என்பார்கள். 1868-இல், தமது நாற்பத்திரண்டாம் வயதில், அப்போது கிறிஸ்டியானியா என்று வழங்கிய தலைநகருக்கு அவர் மலைகளைக் கடந்து கட்டைகளின்மேலேயே பிரயாணம் செய்து வந்து, வாலிபர்களையெல்லாம் தோற்கடித்துப் பரிசு பெற்றபோது, நகரத்துப் பத்திரிகைகளும் கனவான்களும் ஆச்சரியத்தில் ஆழ்ந்தார்கள்.

அதன் பிறகு நகரம் இந்த வித்தையை விடவில்லை. 1879 முதல் தலைநகரின் அருகே ஹூஸேபி என்ற சரிவில் ஆண்டுதோறும் போட்டி நடைபெற்றது. மோர்கெடாலைச் சேர்ந்த மிக்கெல், டோர்யுஸ் என்ற ஹெம்மெஸ்ட்வைட் சகோதரர்கள் அங்கே வந்து புகழ் பெற்று, 1881-இல் தலைநகரிலேயே பனிச்சறுக்குப் பள்ளிக்கூடம் ஒன்றையும் நடத்தினார்கள். கிராமத்துக் குடியானவனிடம் நகரத்து மாணவன் காசு கொடுத்துக் கற்றுக்கொண்ட காலம் அது. ஹூஸேபி தாழ்ந்த இடமாதலால் குளிர்காலத்திலும் பனி கரைந்துவிடும். இதற்கு மாற்றாக உயரமான இடம் தேடியவர்கள், மலைக்குப் புதிதாகச் சாலை போடப்பட்டிருந்ததால், ஹோல்மென்கோலனைத் தேர்ந்தெடுத்தார்கள். 1892-இல் அங்கே கோபுரம் ஏதுமில்லை. மரக்கிளைகளையும் சுள்ளிகளையும் குவித்து அவற்றின்மேல் பனியை மூடி ஒரு மேடை அமைத்திருந்தார்கள். அன்று மிக நீளமாகத் தாவி நிலைபெற்று நின்றவர் ஆர்னே உஸ்ட்வெட், தூரம் 21.5 மீட்டர். ஆனால் ஒட்டுமொத்தப் போட்டியில் முதற்பரிசு பெற்றவர் ஸ்வைன் ஸொல்லிட். அவரும் மோர்கெடால்காரரே.

சுள்ளி மேடையாகத் தொடங்கிய அரங்கம் கல்மேடையாகி, 1914-இல் முதற்கோபுரம் எழுந்து, 1928-இல் மேலும் உயர்ந்து, 1952-ஆம் வருஷத்து ஒலிம்பிக்ஸிற்காக மறுபடியும் மாற்றியமைக்கப்பட்டது. நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வருஷங்களில் ஏறக்குறைய இருபது தடவை இடித்தும் கூட்டியும் கட்டியிருக்கிறார்கள். கடைசியாக 2008-இல் பழைய கோபுரத்தை அடியோடு பிரித்தெடுத்து, காற்றுத் தடுப்புச் சுவர்களோடு கூடிய இப்போதைய உருக்கு அமைப்பை 2010-இல் திறந்தார்கள். செலவு மதிப்பீட்டை வெகுவாகத் தாண்டியதால் நகரசபையில் பெரும் கண்டனம் எழுந்தது. எங்கள் காஞ்சியில் கைலாசநாதர் ஆலயம் ஆயிரத்து முந்நூறு வருஷமாகப் பல்லவன் வைத்த இடத்தில் நிற்கிறது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இத்தனை இடிப்புகள் முதலில் சஞ்சலத்தையே தரும். ஆனால் 21.5 மீட்டர் தாவியவர்களின் பேரர்கள் 140 மீட்டருக்கு மேல் தாவும்போது பழைய மேடை உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்பதையும், அங்கே வழிபடப்படுவது கட்டடம் அல்ல, அந்தத் தாவலே என்பதையும் யோசிக்கையில், அவர்கள் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது. 1923-இல் தொடங்கிய பொருட்காட்சிசாலையில் பழைய கட்டைகளும், நான்சென், அமுண்ட்ஸென் ஆகிய துருவ யாத்திரிகர்களின் பிரயாணச் சாமான்களும் பத்திரமாக இருக்கின்றன.

இந்த மலைக்குப் பெருமை வருவதற்கு முன்பே நூர்ஹைம் தேசத்தைவிட்டுப் போய்விட்டார். 1825-க்கும் 1925-க்கும் இடையே ஏறக்குறைய எட்டு லட்சம் நார்வேஜியர்கள் நிலமும் பிழைப்பும் தேடி அமெரிக்காவுக்குக் குடியேறினார்கள். 1884-இல், அறுபதை நெருங்கும் வயதில், மனைவி மக்களோடு கப்பலேறியவர்களில் அவரும் ஒருவர். ஹெம்மெஸ்ட்வைட் சகோதரர்களும் பின்னர் அதே வழியில் போனார்கள். நூர்ஹைம் இறுதியாகத் தங்கிய வட டகோடா, கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளியான தேசம். தாவுவதற்கு அங்கே மேடு கூடக் கிடையாது. 1897 மார்ச்சில் அவர் காலமானார். அவருடைய கட்டைகளைத் திருத்தித் திருத்தி உலகம் மலைகளிலெல்லாம் சறுக்கிக்கொண்டிருக்க, அவருடைய சமாதி பல பத்தாண்டுகள் அடையாளக் கல்கூட இன்றிக் கிடந்தது.

இதைப் படித்தபோது எங்கள் ஊரின் கதை என் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. திருமழிசை ஆழ்வாரின் சீடரான கணிகண்ணன் அரசனைப் பாட மறுத்ததற்காகக் காஞ்சியைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, ஆழ்வாரும் உடன் புறப்பட்டார். ஆழ்வார் கேட்டுக்கொண்டபடியே திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னே நடந்தார். அந்த இரவு மூவரும் தங்கிய இடம் ஓரிக்கை. காஞ்சி இருண்டு போக, அரசன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு மூவரையும் திரும்ப அழைத்துச் சென்றான் என்பது ஐதிகம். அந்த நிகழ்ச்சியைக் கொண்டாடப் பெருமாள் இன்றும் தை மாதத்தில் எங்கள் ஊருக்கு எழுந்தருளுகிறார். ஒரு புலவனைப் போகவிட்ட நகரம் தன் தெய்வத்தையே இழக்க நேரும் என்று எண்ணிய மனம் எத்தனை பெரியது! நூர்ஹைமின் பின்னே யாரும் போகவில்லை. அவரைத் திரும்ப அழைக்க அரசனும் வரவில்லை.

இங்கே நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஓரிக்கையிலும் பிள்ளையார்பாளையத்திலும் குழித்தறியில் உட்கார்ந்து, உடலுக்கு ஒரு வர்ணமும் கரைக்கு வேறு வர்ணமுமாகக் கோர்வை போட்டு நெய்யும் வித்தையை வளர்த்தவர்கள் எத்தனை பேர்! புடவைக்குக் காஞ்சியின் பெயர் நிலைத்தது. அதை விற்ற கடைகளின் பெயர்கள் நிலைத்தன. இன்ன கரையை முதலில் கோர்த்தவர் இன்னார் என்று எழுதிவைத்த ஏடு ஒன்றையும் நான் கண்டதில்லை. நார்வேக்காரர்கள் தாமதமாகவேனும் தங்கள் கடனைத் தீர்த்தார்கள். 1952-இல் ஒலிம்பிக்ஸ் ஆஸ்லோவில் நடந்தபோது, தீபத்தை அவர்கள் கிரேக்க நாட்டிலிருந்து கொண்டுவரவில்லை. மோர்கெடாலில், நூர்ஹைம் பிறந்த சிறிய வீட்டின் அடுப்பில் ஏற்றி, தொண்ணூற்றுச் சொச்சம் பனிச்சறுக்கு வீரர்கள் கைமாற்றிக் கைமாற்றித் தலைநகருக்குக் கொண்டு வந்தார்கள். நான்சென்னின் பேரர் அதைப் பெற்று அரங்கில் ஏற்றினார். அந்தத் தடவை ஹோல்மென்கோலனில் லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் கூடி நிற்க, ஆர்ன்ஃபின் பெர்க்மன் தங்கமும் டோர்பியோர்ன் ஃபால்காங்கர் வெள்ளியும் பெற்றார்கள். 1960-இல் அமெரிக்காவின் ஸ்குவா வாலியில் நடந்த ஒலிம்பிக்ஸுக்கும் அதே அடுப்பிலிருந்துதான் தீபம் சென்றது.

அந்த மலை மௌனமாக இருந்த வருஷங்களையும் மறக்கலாகாது. 1940-இல் ஜெர்மானியர் நார்வேயைப் பிடித்து, விளையாட்டுச் சங்கங்களைத் தங்கள் ஆட்களின் கையில் ஒப்படைத்தபோது, விளையாட்டு வீரர்கள் அவர்கள் நடத்திய போட்டிகள் எதிலும் கலந்துகொள்ள மறுத்தார்கள். 1941 முதல் 1945 வரை ஹோல்மென்கோலன் உத்ஸவமே இல்லை. 1932-இலும் 1936-இலும் ஒலிம்பிக்ஸ் தங்கம் பெற்ற பிர்கெர் ரூட் என்ற மகாவீரர், எதிரிக்கு இணங்க மறுத்ததால் கிரினி சிறைமுகாமில் அடைபட்டார். யுத்தம் முடிந்தபின் 1948-இல், முப்பத்தாறு வயதில், மறுபடியும் ஒலிம்பிக்ஸில் தாவி வெள்ளிப் பதக்கம் பெற்றார். விளையாடாமல் இருப்பதும் தேசபக்தியாகும் காலங்கள் உண்டு.

பெண்கள் விஷயத்தில் மட்டும் இந்த மலையின் சரித்திரம் நெடுங்காலம் நியாயமாக நடக்கவில்லை. ட்ரிஸில் ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு பெண் தாவியிருக்க, 1938-இல் ஜொஹன்னே கொல்ஸ்டாட் அமெரிக்காவில் 72 மீட்டர் தாவிக் காட்டியிருக்க, பெண்ணுடல் இதைத் தாங்காது என்ற வாதம் பின்னும் எத்தனையோ வருஷங்கள் அதிகார பீடங்களில் வீற்றிருந்தது. 2010 மார்ச் 3-ஆம் தேதி புதிய கோபுரத்தைத் திறந்துவைக்கும் முதல் தாவலை யார் செய்வது என்று ஜனங்களிடமே வாக்குக் கேட்டபோது, அவர்கள் தேர்ந்தெடுத்தது ஆனெட்டே ஸாகென் என்ற பெண்ணை. அதற்கு முந்திய தினமே ஆண் வீரர் ஒருவர் சோதனைத் தாவல் செய்துவிட்டார் என்று சர்ச்சை எழுந்தும், திறப்பு விழாவின் பெருமை ஸாகெனுடையதாகவே நின்றது. ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு இடம் கிடைத்தது 2014-இல்தான்.

தமிழர்களுக்கும் இந்த நாட்டோடு சம்பந்தம் புதிதல்ல. யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956-இல் மீன்பிடித் தொழிலைக் கற்க நார்வே சென்றார். அங்கே சென்ற முதல் தமிழர் அவரே என்பார்கள். அங்கே திரட்டிய உதவியைக் கொண்டு 1967-இல் காரைநகரில் சீநோர் என்ற மீன்பிடித் தொழில் நிலையத்தைத் தொடங்கினார். அவர் காட்டிய வழியில் மாணவர்கள் சென்றார்கள். 1983-க்குப் பின் அகதிகளாகப் பலர் சென்றார்கள். வடகோடியில் மாதக்கணக்கில் சூரியனே உதிக்காத மீன் பதனிடும் ஊர்களில் உழைத்துவிட்டு, மெல்ல மெல்ல ஆஸ்லோவில் குடியமர்ந்தார்கள். அம்மெருட் பகுதியில் முருகனுக்கு ஆலயம் இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் அங்கே சென்ற கம்ஷாஜினி குணரத்தினம் 2015-இல் ஆஸ்லோவின் துணைமேயரானார். அந்தக் குடும்பங்களின் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் மற்றக் குழந்தைகளோடு கட்டை பூட்டிப் பனியில் நடக்கக் கற்றுக்கொண்டு, நம் பிள்ளைகள் சைக்கிள் விடுவதுபோல இயல்பாகச் சறுக்கி வருகிறார்கள். நிலமில்லாமல் கடல் கடந்து போன நூர்ஹைமின் கதை, நிலத்தை இழந்து கடல் கடந்து வந்த இவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லாமலே விளங்கும்.

ஆகவே ஆஸ்லோவில் வாழும் தமிழர்களுக்கும், அவர்களைப் பார்க்கச் செல்லும் நம்மவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் ஹோல்மென்கோலன் உத்ஸவத்துக்கு அவசியம் செல்லுங்கள். கோபுரத்தின் உச்சியில் நின்று கடலையும் நகரத்தையும் பாருங்கள். ஆனால் அத்தோடு திரும்பிவிடாதீர்கள். ஆஸ்லோவுக்கு மேற்கே, காரில் சில மணி நேரப் பிரயாணத்தில் மோர்கெடால் இருக்கிறது. தீபம் ஏற்றப்பட்ட அந்தச் சிறு வீடு இன்னும் அங்கே நிற்கிறது. குழந்தைகளை அங்கேயும் அழைத்துச் செல்லுங்கள்.